தலைகீழ்ப் போதிகை

சாம்பிராணிப் புகை கீழே போனது.

பாலேஸ்வரி முதலில் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. இந்த நாட்டில் எதுதான் ஒழுங்காக நடக்கிறது? பளிச்சென்று வெயில் எறிக்கும், வெளியில் காலை வைத்தால் காது விறைத்துப்போகும். பின்னேரம் என்று ஒன்று வருமுன்னரே இருட்டிவிடும். புகையும் அந்தக் கணக்கில்தான் சேர்த்தி என்று நினைத்துக்கொண்டு தட்டத்தை இன்னொரு தரம் சுற்றினாள். தணலிலிருந்து எழும்பிய புகை ஒரு சாண் உயரம் போய், அங்கே தயங்கி நின்று, பிறகு வளைந்து, அம்மன் இருந்த பீடத்தைத் தழுவிக்கொண்டு இறங்கி, நிலத்துக் காப்பெற் விரிப்பில் ஊர்ந்து வந்து அவளுடைய கால்விரல்களுக்கிடையில் இளஞ்சூடாகப் படர்ந்தது.

"கண்டறியாத ஹீற்றர்," என்று முணுமுணுத்தாள். சுவரோரம் நிலத்தில் இருந்த சூட்டுக்காற்றுத் தட்டியைக் காலால் தள்ளி மூடினாள். காற்று நின்றது. புகை அதே வழியில்தான் இறங்கியது. தட்டத்தை வைத்துவிட்டுக் கையைக் கூப்பினாள். தேவாரம் பாடத் தொடங்கிப் பாதியில் ஒரு வரி மறந்துபோனது. நாற்பது வருடமாகப் பாடுகிற தேவாரம்.

நகரத்தின் ஓரத்தில், ரூஜ் என்கிற இடத்தில், வயல்வெளியாய்க் கிடந்த நிலத்தில் முளைத்த புது வீடு அது. மருமகன் சச்சிதானந்தன் இரண்டு வேலை செய்து வாங்கியது. பாலேஸ்வரிக்கு அந்த வீட்டில் நம்பிக்கையில்லை. சுவரைத் தட்டினால் டொக்கு டொக்கென்று கேட்கும். மரச்சட்டத்தில் அட்டையை அறைந்துவிட்டு வீடு என்று விற்கிறான்கள், வாங்கவும் எங்கள் சனம் வரிசையில் நிற்கிறது என்று அவள் யாழ்ப்பாணத்துக்குக் கடிதமே எழுதியிருந்தாள். வாசலையொட்டிய சின்ன அறையைச் சாமியறையாக ஆக்கியிருந்தார்கள். அதற்கு நேர்மேலே மாடியில் மகள் கஜனியின் படுக்கையறை.

கஜனிக்கு எட்டு மாதம் கழிந்துவிட்டது. கட்டிலை விட்டு இறங்கக்கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். அவளுடைய முதல் பிள்ளை ஏழாம் மாதத்தில் மூச்சில்லாமல் பிறந்தது. அந்த நேரம் பாலேஸ்வரி கொழும்பில் ஒரு லொட்ஜில் விசாவுக்குக் காத்துக்கிடந்தாள். ரெலிபோனில் மகள் அழுதாள். ரெலிபோன் கார்ட்டில் காசு முடிந்து தொடர்பு அறுந்துபோனது. அந்த அழுகை பாதியில் அறுந்தது பாலேஸ்வரியின் நெஞ்சில் இன்னும் அப்படியே இருந்தது. இந்தப் பிள்ளையை உயிரோடு கையில் வாங்க வேண்டும். அதற்காகத்தான் விமானம் ஏறினாள். அம்மனிடம் அவள் கேட்டதும் அது ஒன்றுதான்.

அம்மன் ஒரு சாண் உயரப் பித்தளைச் சிலை. தொண்ணூற்றைந்தாம் ஆண்டு சண்டைக்குப் பயந்து ஊரே எழும்பி நடந்தபோது சீலைக்குள் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தது. இங்கே வந்ததும் பாலேஸ்வரி மருமகனிடம் கறாராகச் சொல்லிவிட்டாள்.

"அம்மாளாச்சியைக் காப்பெற்றில வைக்கேலாது தம்பி. சப்பாத்துக் காலோட நடக்கிற சாமான். ஒரு பீடம் வேணும்."

சச்சிதானந்தன் மாமியின் சொல்லைத் தட்டாதவன். வீட்டுச் சாமான்களை ஏற்றி இறக்குகிற ஒரு கொம்பனியில் அவனுக்கு வேலை. தை மாதத்தில் நகரத்தின் பழைய பணக்காரப் பகுதியொன்றில், சொந்தக்காரர் இல்லாமல் இறந்துபோன ஒரு கிழவரின் வீட்டை வெறுமையாக்கப் போனார்கள். பின்வளவில், பனிக்குள் அரைவாசி புதைந்து கிடந்தது அந்தப் பளிங்குக் கல். குப்பையோடு எறியச் சொன்னானாம் மேற்பார்வையாளன். சச்சி எறியவில்லை.

"மாபிள் மாமி, அசல் மாபிள்!" என்று அவனும் கூட வந்தவனும் அதைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அந்தக் குளிரிலும் இரண்டு பேருக்கும் முகத்தில் வேர்வை ஓடியது. வாசற்படியின் மரப்பலகை ஒன்று நெரிந்துபோனது.

முழங்கால் உயரம். ஒரு பக்கம் அகலமான சதுரம், மற்றப் பக்கம் ஒடுங்கி வட்டமாக முடிந்தது. மூலைக்கு மூலை செதுக்கிய இலைகள். நாலு பக்கத்திலும் ஒவ்வொரு வட்டத்துக்குள் ஒவ்வொரு முகம். யாரோ எந்தக் காலத்திலோ உளி வைத்து அடித்துச் சிதைத்ததில் தோளும் கையும் போய், முகங்களும் துணி மடிப்புகள்போல ஏதோ சிலவும் மட்டும் மிஞ்சியிருந்தன. கண்மணி இருக்கவேண்டிய இடத்தில் துளை. துளைக்குள் ஒரு காலத்தில் எதையோ கறுப்பாக உருக்கி விட்டிருந்திருக்க வேண்டும், அடியில் கொஞ்சம் ஒட்டிக்கிடந்தது.

அகலமான பக்கத்தைக் கீழே வைத்தார்கள். வேறெப்படி வைப்பது? பீடம் என்றால் அடி அகலமாகத்தானே இருக்கும்.

பாலேஸ்வரி மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முகங்களைச் சுற்றிப் பார்த்தாள். தலையிலிருந்து முடி திரிதிரியாக எழும்பி, விரிந்து, இலைகளோடு கலந்திருந்தது. அவளுக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை.

"முனிவர்மார் தம்பி! சடையைப் பாருங்கோ. வெள்ளைக்காரன்ர வளவுக்க எங்கட ரிஷிமார் வந்து தவம் இருந்திருக்கினம்!"

மஞ்சள் தண்ணீரில் கழுவி, நாலு நெற்றியிலும் நல்ல தடிப்பாகச் சந்தனம் வைத்து, மேலே பட்டு விரித்து அம்மனை இருத்தினாள். ஒவ்வொரு நாளும் குளித்துவிட்டு வந்து பழைய சந்தனத்தைச் சுரண்டிவிட்டுப் புதிதாக வைப்பாள். மாசி பிறந்தது. பிறகுதான் அந்த வெள்ளிக்கிழமை புகை இறங்கியது.

அடுத்த கிழமை ஸ்கானுக்குப் போன கஜனி வாடிய முகத்தோடு வந்தாள். சச்சி அவளைக் கைத்தாங்கலாக மாடிக்கு ஏற்றிவிட்டு வேலைக்கு ஓடினான். பாலேஸ்வரி தேத்தண்ணியோடு போய்க் கட்டிலில் இருந்தாள்.

"என்னடி பிள்ளை?"

"தலை மேல நிக்குதாம் அம்மா."

"என்ன விசர்க்கதை? போன மாதம் தலை கீழ இறங்கிட்டுது எண்டுதானே சொன்னவை."

"ஓம். அப்ப சரியாத்தான் இருந்தது. இப்ப திரும்பி நிக்குது. இந்த நேரத்தில ஒரு பிள்ளை உப்பிடி மாறித் திரும்பினதை டொக்டரே கண்டதில்லையாம்." கஜனி தேத்தண்ணியை வாங்காமல் சுவரைப் பார்த்தாள். "அம்மா, இதுவும் போயிடுமோ?"

"வாயைக் கழுவு! அம்மாளாச்சி கீழ இருக்கிறா. உனக்கென்ன பயம்?"

பாலேஸ்வரி படியிறங்கினாள். சாமியறைக்குப் போய் விளக்கில் எண்ணெய் விட்டாள். இன்னும் ஒரு திரி கூடப் போட்டாள். கொளுத்தினாள். திரியில் பிடித்த சுடர் ஒரு கணம் நிமிர்ந்து நின்றது. பிறகு தலையைக் குனிந்துகொண்டு, விளக்கின் பித்தளை விளிம்புக்குக் கீழே தொங்கி, ஆடாமல் அசையாமல் எரியத் தொடங்கியது.

அவள் கையை மேலே பிடித்துப் பார்த்தாள். குளிர். கீழே பிடித்தாள். சுட்டது.

யாரிடம் சொல்வது? சச்சி சிரிப்பான். மாமிக்குக் குளிர் மண்டையில ஏறிட்டுது என்று வேலையிடத்தில் பகிடி விடுவான். கஜனியிடம் வாயே திறக்கக்கூடாது, பயந்த வயிறு என்ன செய்யுமோ. பாலேஸ்வரி வாய்க்காரி என்று ஊரில் பேர். சந்தையில் மீன்காரனையே கதையில் வெல்லுகிறவள். அந்த வாயை இப்போது மூடிக்கொண்டு, கதவையும் சாத்திக்கொண்டு, அறைக்கு வெளியில் கதிரை போட்டு இருந்தாள். கதவுக்கடியால் எண்ணெய் வாசம் வந்தது. அதோடு இன்னொரு வாசமும். மழை பெய்து ஓய்ந்த சுடலையில் வருகிற ஈரக்கல் வாசம். வெளியில் பனி கல்லாய் இறுகிக் கிடக்கிறது, வீட்டுக்குள் மழை எங்கே பெய்தது?

பிறகு வந்த நாட்களில் அவள் அந்த அறைக்குள் நின்றது கொஞ்ச நேரம்தான். பூசையை விடவும் பயம், செய்யவும் பயம். அம்மனுக்கு வைத்த செவ்வந்திப்பூ ஒருநாள் காலையில் காணாமல் போயிருந்தது. பீடத்துக்குப் பின்னால் தேடினாள். பட்டுக்குக் கீழே தேடினாள். கழுத்து உளைந்து நிமிர்ந்தபோது கண்டாள். சீலிங்கில் கிடந்தது. கூட்டுகிற தும்புத்தடியை எடுத்து அதைத் தட்டிவிட்டாள். பூ விழவில்லை. நிலத்தில் உருளுவதுபோலச் சீலிங்கில் உருண்டு போய், அங்கே அறையின் மூலையில் முட்டி நின்றது.

தும்புத்தடி கையிலிருந்து நழுவியது. அது மட்டும் ஒழுங்காகக் காப்பெற்றில் விழுந்தது. அந்தச் சத்தம் எவ்வளவு ஆறுதலாக இருந்ததென்று அவளுக்குத்தான் தெரியும்.

அன்றைக்குப் பின்னேரம் காலடிச் சத்தம் கேட்டது. குசினியில் புட்டுக்கு மா குழைத்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள். தொப். தொப். சாமியறைக்கு மேலே. பாரமான, மெதுவான நடை. நின்று, திரும்பி, மறுபடி நடந்தது. கஜனிதான்! படுத்திரு என்றால் கேட்கிறாளா? பாலேஸ்வரிக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. மாக்கையோடு மாடிக்கு ஓடினாள்.

"உனக்கு அறிவிருக்கோ? டொக்டர் என்ன சொன்னவர், நீ..."

கஜனி நித்திரையாய்க் கிடந்தாள். வாயைக் கொஞ்சம் திறந்து, சின்ன வயதில் படுக்கிறமாதிரியே ஒருக்களித்துப் படுத்திருந்தாள். கம்பளி விலகி இரண்டு காலும் வெளியில் நீட்டிக்கொண்டிருந்தன. பாலேஸ்வரி கம்பளியை இழுத்துப் போர்த்தப் போனாள். கை அப்படியே நின்றது.

உள்ளங்கால் இரண்டும் வெள்ளை. சுண்ணாம்புத்தூள். அதற்குள் சின்னச் சின்ன மணிகள். இந்த நாட்டு வீடுகளில் சீலிங்கில் சொரசொரவென்று அடித்து விட்டிருக்கிற அந்தப் பூச்சின் மணிகள்.

அவள் சீலைத் தலைப்பால் மகளின் பாதங்களைத் துடைத்தாள். அழுகை வந்தது. சத்தம் வராமல் பல்லைக் கடித்துக்கொண்டு துடைத்தாள். அதற்குப் பிறகு அந்த நடை கேட்கவில்லை.

மறுநாள் மத்தியானம் அன்ரனெற் வந்தாள். அடுத்த தெருவில் இருக்கிறவள், கத்தோலிக்கக் குடும்பத்துக் குருநகர்க்காரி, ஒரு நேர்சிங் ஹோமில் வேலை. பிள்ளைத்தாய்ச்சிக்கென்று சரக்குக்கறி காய்ச்சிக்கொண்டு வந்திருந்தாள். வந்தவளைப் பாலேஸ்வரி கையைப் பிடித்துச் சாமியறைக்கு இழுத்துக்கொண்டு போனாள். தனியாகப் பயந்து அவளுக்கு அலுத்துவிட்டது. யாராவது கூட நின்று பார்த்தால் போதும்.

அன்ரனெற் விளக்கைப் பார்க்கவில்லை. கல்லைத்தான் பார்த்தாள். தலையைச் சரித்துச் சரித்துப் பார்த்தாள். பிறகு சட்டென்று நெஞ்சில் சிலுவை போட்டாள்.

"அக்கா, உது எங்கால வந்தது?"

"சச்சி கொண்டு வந்தவர். முனிவர்மார்."

"முனிவர்மாரோ? அக்கா, மேசையைப் பிடிச்சுக்கொண்டு தலையைக் கீழ விட்டுப் பாருங்கோ."

"என்ர வயசுக்கு நான் என்ன சர்க்கஸ் காட்டவோ?"

"பாருங்கோவன்!"

பாலேஸ்வரி முனகிக்கொண்டு மேசையைப் பிடித்துக் குனிந்து, தலையைத் தொங்கவிட்டு, தன் கைக்குக் கீழால் பார்த்தாள். இரத்தம் முகத்துக்கு இறங்கியது. அந்த முகம் அப்படியே புரண்டது. சடை என்று அவள் கும்பிட்டது தாடி. நீண்ட, திரிதிரியான தாடி. நாடி என்று நினைத்தது வழுக்கை மண்டை. சிரிக்கிற வாய் என்று நினைத்தது நெற்றிச் சுருக்கம். துளைக் கண்கள் அவளை நேரே பார்த்தன. சிரிப்பு ஒன்றும் அந்த முகத்தில் இல்லை. கடும் பாரம் தூக்குகிற மனிசனின் முகம் அது. அவள் நாள் தவறாமல் தடிப்பாகச் சந்தனம் அப்பிவந்த இடம் நெற்றியில்லை.

வாய்.

"ஐயோ என்ர அம்மாளாச்சி!" என்று நிமிர்ந்தவளுக்கு அறை சுற்றியது.

"புனிதர்மார் அக்கா. எங்கட கோயில்ச் சுரூபங்கள் மாதிரி இல்லை, உது கிரேக்கருடையது. துருக்கியர் வாறதுக்கு முந்தின காலம். என்னோட வேலை செய்யிற கிரேக்க மனிசி தங்கட கோயிலில இருக்கிற ஒரு புத்தகம் காட்டினவ. அதில உதே மாதிரிக் கல்லு, உதே வட்டத்துக்க உதே முகங்கள். தூணுக்கு மேல வைக்கிறது உது."

"போதிகை," என்றாள் பாலேஸ்வரி. கோயில் மண்டபத் தூண்களின் தலையில் இருந்து உத்தரத்தைத் தாங்குகிற கல்லை அவள் அறியாதவளா? அகலமான பக்கம் மேலேதான் இருக்கும். "போதிகையைத் தலைகீழா வைச்சிட்டம்."

"பெரிய ஆக்களின்ர கல்லறைக்கு மேல வளைவு கட்டுவினமாம். அந்த வளைவைத் தாங்கத்தான் இந்தத் தூணுகள். படுத்திருக்கிறவனுக்கு மேல பாரம் இறங்காமல் புனிதர்மார் தலையால தாங்கிக்கொண்டிருப்பினமாம்." அன்ரனெற் கதவுப்பக்கம் பின்வாங்கினாள். "நீங்கள் உதைத் தொடாதேங்கோ அக்கா. ஞாயிற்றுக்கிழமை எங்கட பங்குச் சுவாமியாரைக் கேட்டுக்கொண்டு வாறன். கேட்டுத்தான் எதையும் செய்யவேணும்."

"ஓம் ஓம்," என்று பாலேஸ்வரி தலையாட்டினாள். ஞாயிற்றுக்கிழமை வரைக்குமா? அன்ரனெற் போன பிறகு அவள் படியில் இருந்து யோசித்தாள். கல் தலைகீழ். பிள்ளையும் தலைகீழ். இதை விளங்கிக்கொள்ள சுவாமியார் எதற்கு, ஐயர் எதற்கு? சச்சி வந்ததும் திருப்பி வைத்துவிட்டால் எல்லாம் சரிவரும் என்று நினைத்தாள். பல நாட்களுக்குப் பிறகு நெஞ்சில் கொஞ்சம் காற்று இறங்கியது.

சச்சி வரவில்லை. மத்தியானம் தொடங்கிய பனி விடாமல் கொட்டியது. வெளியில் விளக்குக் கம்பங்கள் எரியத் தொடங்கிய நேரம் ரெலிபோன் அடித்தது.

"மாமி, விட்பியில நிக்கிறம். ரோட்டு முழுக்கக் காருகள் சறுக்கிக் கிடக்கு. ட்றக் அசையேலாது. கஜனி எப்பிடி?"

"படுத்திருக்கிறா. தம்பி, அந்தக் கல்லைத் திருப்பி வைக்கவேணும். தலைகீழா வைச்சிட்டம்."

"கல்லோ? மாமி, நீங்கள் உதில கை வைக்காதேங்கோ! ரெண்டு ஆம்பிளையள் மூச்சுத் திணறித் தூக்கினது. நான் வந்து..."

மேலேயிருந்து கஜனி கத்தினாள்.

பாலேஸ்வரி ஓடினாள். கஜனி கட்டிலில் நிமிர்ந்திருந்து வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். விரிப்பு நனைந்திருந்தது. வயிற்றின் மேட்டில், நெஞ்சுக்குழிக்குச் சற்றுக் கீழே, பிள்ளையின் தலை ஒரு உருண்டையாக எழும்பித் தெரிந்தது. அது மேலே முட்டியது. மறுபடியும் முட்டியது.

"மேல வரப் பாக்குது அம்மா. மூச்செடுக்கேலாமல் இருக்கு."

அம்புலன்சுக்கு அடித்தாள். தெரிந்த அரைகுறை இங்கிலிஷில் விலாசத்தைச் சொன்னாள். மறுபக்கத்திலிருந்த பெண் அமைதியாக, வருகிறார்கள், வீதி மோசம், சுணங்கும், அவளைப் படுக்க வையுங்கள் என்றாள். படுக்க வைத்தாள். தண்ணீர் கொடுத்தாள். வேறு என்ன செய்வது? மகளின் முகம் நீலம் பாரித்துக்கொண்டு வந்தது. கொழும்பு லொட்ஜில் கேட்ட அதே அழுகை. அன்றைக்குக் கை எட்டாத தூரத்தில் இருந்தாள். இன்றைக்கு இதற்கான காரணம் கை எட்டுகிற தூரத்தில், கீழே சாமியறையில் இருக்கிறது.

"படுத்திரு பிள்ளை. இப்ப சரியாக்கிறன். அம்மா இப்ப சரியாக்கிறன்."

கீழே. சாமியறைக் கதவைத் திறந்தாள். ஈரக்கல் வாசம் முகத்தில் அடித்தது. விளக்கு கீழ்நோக்கி எரிந்தது. அம்மனை எடுத்து மேசையில் வைத்தாள். பட்டை உருவி எறிந்தாள். நாலு முகங்கள். வாயில் சந்தனம். சுரண்டினாள். நகம் முறிந்தது. சுரண்டினாள். நாலாவது வாயைத் துடைத்தபோது விரலில் சூடு பட்டது. மூச்சுச் சூடு. இல்லை. விளக்குச் சூடு. விளக்குச் சூடுதான்.

காப்பெற்றில் குந்திக் கல்லைக் கட்டிப்பிடித்தாள். இடுப்பு நாரி முறிந்தாலும் பரவாயில்லை. சரித்துப் பிறகு உருட்டலாம். பல்லைக் கடித்து, கண்ணை மூடி, முழுப் பலத்தையும் போட்டு ஒரு தள்ளு.

கல் வெறும் பானைபோல வந்தது.

இரண்டு ஆம்பிளைகள் தூக்கின கல். அவள் கைக்குள் பாரமே இல்லை. பயப்பட நேரமில்லை. புரட்டினாள். ஒடுங்கிய பக்கத்தைக் கீழே வைத்தாள். அகலமான பக்கம் மேலே. முகங்கள் நிமிர்ந்தன. தாடி கீழே, நெற்றி மேலே. எல்லாம் அதனதன் இடத்தில்.

வீடு அமைதியாயிற்று. ஹீற்றர் நின்றது. பனி கண்ணாடியில் உரசுகிற சத்தமும் நின்றது.

"அம்மா!"

கஜனியின் குரல். அழுகையில்லை. சந்தோஷம்.

"அம்மா, திரும்பிட்டுது! பிள்ளை திரும்பிட்டுது! நோவே இல்லை!"

பாலேஸ்வரி கல்லைக் கட்டிப்பிடித்தபடியே அழுதாள். அம்மாளாச்சி, அம்மாளாச்சி என்று வாய்விட்டு அழுதாள். பிள்ளை பிழைத்துவிட்டது. கண்ணீர் பொலபொலவென்று வந்தது. அது கன்னத்துக்கு வரவில்லை. புருவத்தில் ஏறி, நெற்றியில் ஓடி, முடிக்குள் போனது.

அவள் அழுகையை நிறுத்தினாள்.

சீலைத் தலைப்பு தோளிலிருந்து கிளம்பி மேலே நேராக நின்றது. கொண்டை அவிழ்ந்தது. கூந்தலும் மேலே போனது. முகத்தில் இரத்தம் முட்டியது, மேசையைப் பிடித்துக் குனிந்தபோது முட்டினதுபோல. மகளின் குரல் மாடியிலிருந்து வந்ததாகத்தானே நினைத்தாள். அது மாடியில்லை. இந்த அறை.

தலையை உயர்த்தினாள்.

சீலிங்கில் கஜனி நின்றாள். வெள்ளைப் பூச்சில் வெறுங்கால் இரண்டையும் அழுத்தி ஊன்றி. நைற்கவுண் அவள் கணுக்கால் வரைக்கும் ஒழுங்காகத் தழைந்திருந்தது. முடி தோளில் கிடந்தது. ஒரு கை வயிற்றில். வயிறு இறங்கியிருந்தது, பிள்ளைபெறப் போகிறவளின் வயிறு எப்படி இறங்கவேண்டுமோ அப்படி. அவள் கழுத்தை நிமிர்த்தி அம்மாவை அண்ணாந்து பார்த்தாள். முகத்தில் சிரிப்பு மெல்ல மறைந்தது.

"அம்மா... நீங்கள் ஏன் மேல தொங்குறியள்?"

பாலேஸ்வரியின் குதிகால் காப்பெற்றை விட்டது. விரல்களும் விட்டன. அவள் கல்லை இறுக்கினாள். அது ஒன்றுதான் நிலத்தில் இருந்தது. அதன் பாரம் திரும்பி வந்தது. கொஞ்சம் கொஞ்சமாக. கைக்குள். மகளின் பக்கமாக.

"விலகு பிள்ளை!"

"என்ன அம்மா? கேக்கேல்லை."

"விலகு! அங்கால போ! ஓடு!"

கல் அசைந்தது. விளிம்பு கிளம்பியது. அவளுடைய முகத்துக்கு நேரே இருந்த புனிதரின் தாடியும் மேலே எழும்பத் தொடங்கியது, பாரத்தை இனித் தாங்கமாட்டேன் என்கிறமாதிரி.

"விழப்போறியள் அம்மா!" கஜனி வயிற்றைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தாள். வந்து, இப்போது கீழாகிவிட்ட அந்தச் சீலிங்கில், அவளுக்கு நேரே நின்றாள். "பயப்பிடாதேங்கோ. விடுங்கோ. நான் பிடிக்கிறன்."

காப்பெற்றில் கல் இருந்த இடம் வட்டமாகப் பதிந்து வெறுமையாகத் தெரிந்தது. பாலேஸ்வரி நாலு முகத்தையும் சேர்த்து அணைத்திருந்தாள், கை வழுக்கிக்கொண்டிருந்தது. கீழே மகள் இரண்டு கையையும் விரித்து, நிறைவயிற்றோடு, அவளை ஏந்திக்கொள்ள அண்ணாந்து நின்றாள்.